வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே: 2.7 கிலோமீட்டர் விமானப் பயணத்துக்கு 53 விநாடியா, 2 நிமிடமா, அரை மணியா?

#1 வகுப்பறை_வசந்தா

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து இரண்டு ஊர்களுக்கு இடையே தூரம் கண்டுபிடிக்கும் பயிற்சித்தாள் ஒன்று தயாரித்துக்கொண்டிருக்கிறேன். சென்னை–டெல்லி, லண்டன்–நியூயார்க் கணக்கெல்லாம் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. அதனால் உலகத்திலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானத் தடத்தைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுக்கூட்டத்தில் வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து, பக்கத்துத் தீவான பாப்பா வெஸ்ட்ரேவுக்குப் போகிற விமானம்.

சிக்கல் பயண நேரத்தில்தான். ஒரு கட்டுரை 53 விநாடி என்கிறது. இன்னொன்று 2 நிமிடம் என்கிறது. இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் சொல்லும் இணையக் கருவி ஒன்றில் தேடினேன். அது அரை மணி நேரம் என்கிறது. அதே பக்கத்தில் தூரம் 2.7 கிலோமீட்டர் என்றும் போட்டிருக்கிறது! விடைக்குறிப்பில் எதைப் போடுவது?

#2 வரைபடப்பித்தன்

டீச்சர், அந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கருவிகள் பலவும் ஒரே சூத்திரத்தைத்தான் வைத்திருக்கின்றன. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் வேகத்தால் வகுக்கும். ஏறவும் இறங்கவும் என்று ஒரு 30 நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும். 2.7 கிலோமீட்டரை 800-ஆல் வகுத்தால் 12 விநாடி வரும். ஆக மொத்தம் 30 நிமிடம் 12 விநாடி.

அதாவது அந்தக் கருவியின் கணக்குப்படி விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 5.4 கிலோமீட்டர். காலை நடைக்குப் போகிறவர் அதை முந்திவிடுவார்.

பெரிய ஊர்களுக்கு இந்தச் சூத்திரம் ஓரளவு ஒத்துவரும். 2,000 கிலோமீட்டர் பயணத்தில் அந்த 30 நிமிடத் தவறு கரைந்துபோகும். சின்னத் தீவுகளில் அந்த 30 நிமிடம்தான் முழு விடையும். அங்கே ஜெட்டும் கிடையாது.

#3 வரைபடப்பித்தன்

தூரக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், பயிற்சித்தாளுக்கு ஆகும்.

இரண்டு தளங்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன: வடக்கு 59 பாகை 21 கலை (59°21′; ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் கலை). தீர்க்கரேகை, வெஸ்ட்ரே மேற்கு 2 பாகை 57 கலை. பாப்பா வெஸ்ட்ரே மேற்கு 2 பாகை 54 கலை. வித்தியாசம் வெறும் 3 கலை.

நிலநடுக்கோட்டில் தீர்க்கரேகையின் ஒரு கலை சுமார் 1.855 கிலோமீட்டர். மூன்றால் பெருக்கினால் 5.57 வரும். இங்கேதான் பாதி வகுப்பு விழும். 59 பாகை வடக்கே தீர்க்கரேகைகள் நெருங்கி வந்துவிடுகின்றன. அதனால் கொசைன் 59°21′, அதாவது சுமார் 0.51-ஆல் பெருக்க வேண்டும். விடை 2.84 கிலோமீட்டர். நூல்களில் 1.7 மைல், அதாவது 2.7 கிலோமீட்டர் என்று போடுவார்கள். கலையோடு நிறுத்திக் கணக்குப் போடும்போது இந்த அளவு வேறுபாடு வரத்தான் செய்யும்.

பெருவட்டச் சூத்திரம் எல்லாம் இதற்குத் தேவையே இல்லை. இந்தத் தூரத்தில் பூமியின் வளைவை விட்டுவிட்டு நேர்க்கோட்டில் அளந்தால் எவ்வளவு தவறும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

#4 ரன்வே09

எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். இந்த முழுப் பயணமும் அந்த நீளம்தான் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். நம் சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர், இதைவிட நீளம். மீனம்பாக்கத்தில் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கினால் பாப்பா வெஸ்ட்ரேவைத் தாண்டிப் போயிருப்பீர்கள்.

53 விநாடி என்பது பொய்யில்லை, ஆனால் அது சாதனை நேரம். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற பைலட் செய்தது. இந்தத் தடத்தில் மட்டும் 12,000 தடவைக்கு மேல் பறந்துவிட்டு 2013-இல் ஓய்வு பெற்றார். 2 நிமிடம் என்பது கால அட்டவணையில் போடுவது. உண்மையில் பறக்கும் நேரம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காற்றைப் பொறுத்து.

விமானம் பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். இங்கிலாந்தின் வைட் தீவில் உருவானது, முதலில் பறந்தது 1965 ஜூனில். இரண்டு பிஸ்டன் இன்ஜின், ஒவ்வொன்றும் 260 குதிரைத்திறன். சக்கரங்கள் மடங்காதவை. இந்தத் தடத்தில் மடங்கினாலும் பிரயோஜனம் இல்லை, மடித்து முடிப்பதற்குள் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

#5 கணக்குப்பிள்ளை

நல்ல வேடிக்கைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். இது உண்மையிலேயே போக்குவரத்தா, இல்லை சுற்றுலா விளம்பரமா? ஏறி உட்கார்ந்தவருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். போக்குவரத்து வசதிக்கு யாராவது சான்றிதழ் கொடுப்பார்களா? பக்கத்துத் தீவுக்குப் படகில் 25 நிமிடம்தான். இந்த இரண்டு நிமிடத்துக்கு அரசு மானியம் வேறு. வரி கட்டுகிறவன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள்.

#6 கிரானைட்_நகரம்

கணக்குப்பிள்ளை அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். நான் அபர்டீனில் இருக்கிறேன், எண்ணெய்க் கம்பெனி வேலை. இந்த விமானத்தில் போயிருக்கிறேன், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம்: வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே என்று தனியாக ஒரு விமானம் அங்கே நின்றுகொண்டு இரண்டு தீவுக்கும் நடுவில் ஆட்களை ஏற்றி இறக்குவதில்லை. விமானம் கிளம்புவது கிர்க்வாலில், ஓர்க்னியின் தலைநகரம். அங்கிருந்து வடக்கே இந்த இரண்டு தீவுகளுக்கும் போய்விட்டுத் திரும்புகிறது. ஒரு தீவில் இறக்கிவிட்டு அடுத்த தீவுக்குப் போகும்போது நடுவில் வருகிற சின்னத் துண்டுதான் உலகப் புகழ் பெற்றுவிட்டது. நம் ஊர் மினி பஸ் இரண்டு சின்னக் கிராமங்களில் நின்று போகிற மாதிரி. அந்த இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் மட்டும் ஏறுபவர் குறைவு. நிறுத்தம் அவசியம்.

இரண்டாவது: கிர்க்வாலிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 44 கிலோமீட்டர். விமானத்தில் கால் மணி நேரம். வெஸ்ட்ரேவுக்குக் கார் ஏற்றும் படகு ஒன்றரை மணி நேரம் எடுக்கும். பாப்பா வெஸ்ட்ரேவுக்கு அதுவும் இல்லை. கிர்க்வாலிலிருந்து நேரடிக் கப்பல் வாரத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் வெஸ்ட்ரேவில் இறங்கி, பியரோவால் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து சின்னப் படகு பிடிக்க வேண்டும். நீங்கள் சொன்ன 25 நிமிடம் அதுதான். கடல் கொந்தளித்தால் அதுவும் கிடையாது.

பாப்பா வெஸ்ட்ரேவில் நூறு பேர்கூட இல்லை. வெஸ்ட்ரேவில் அறுநூறு பேர் அளவில். இத்தனை பேருக்குத் தனித்தனியாக மருத்துவர், பல் மருத்துவர், இசை ஆசிரியர் என்று வைக்க முடியாது. அவர்கள் கிர்க்வாலிலிருந்து ஒரு நாளில் வந்து வேலையை முடித்துத் திரும்புகிறார்கள். இங்கேயிருந்து நோயாளிகள் கிர்க்வால் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஆசிரியை. பயணம் முழுக்க விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நிமிடத்திலும்கூட! வசந்தா டீச்சருக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன்.

சான்றிதழ் கொடுப்பது உண்மைதான். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் அதற்காகவே வருகிறார்கள், இருக்கை நிரம்புகிறது, நல்லதுதானே. அங்கே ஒரு இரவு தங்கினால் கட்டணத்தில் சலுகைகூடக் கொடுத்திருக்கிறார்கள், தீவில் நாலு காசு புழங்கட்டும் என்று.

#7 கணக்குப்பிள்ளை

மருத்துவர், ஆசிரியர் கதை சரி, ஒத்துக்கொள்ளக்கூடியதுதான். ஆனால் அது கிர்க்வால் போய்வரும் விமானத்துக்கான நியாயம். நடுத்துண்டுக்கு நியாயம் எங்கே? இரண்டு தீவுகளுக்கும் நடுவில் படகு விட்டுவிட்டு, விமானத்தை வெஸ்ட்ரேவோடு நிறுத்தலாமே.

#8 வரைபடப்பித்தன்

நிறுத்தலாம். ஆனால் கணக்கு வேறு மாதிரி வரும். இரண்டு தீவுக்கும் தனித்தனியாக விமானம் அனுப்பினால் 44 கிலோமீட்டரை நாலு தடவை பறக்க வேண்டும், 176 கிலோமீட்டர். முக்கோணமாகப் போனால் 44 + 2.8 + 44, மொத்தம் சுமார் 91. அந்த 2.8 கிலோமீட்டர் துண்டு செலவு வைக்கவில்லை, 85 கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது.

உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம் என்று தலைப்புப் போட்டால் ஏதோ ஊதாரித்தனம் போலத் தெரிகிறது. சிக்கனத்துக்காக வந்த துண்டு அது.

வெஸ்ட்ரேவோடு நிறுத்தினால் அந்த நூறு பேரும் ஒவ்வொரு தடவையும் படகை நம்ப வேண்டும். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக்கில்.

#9 கப்பல்காரன்

படகு விஷயத்தில் வரைபடப்பித்தன் சொல்வது சரி. நான் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவன். ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவில் நீரோட்டம் சாதாரணமானதல்ல. அட்லாண்டிக்கும் வடகடலும் சந்திக்கிற இடம். வரைபடத்தில் தம்மாத்தூண்டு நீர்ச்சந்தாகத் தெரியும், ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) மாறும் நேரத்தில் அலை எழும்பி நிற்கும்.

#10 புது_உறுப்பினர்_செல்வா

எல்லோருக்கும் வணக்கம். சந்தேகம் ஒன்று. 2.7 கிலோமீட்டர்தானே, பாலம் கட்டிவிட்டால் விமானமும் வேண்டாம் படகும் வேண்டாமே?

#11 கிரானைட்_நகரம்

செல்வா தம்பி, ஓர்க்னிக்காரர்கள் கடலை மூடாதவர்கள் இல்லை. 1939 அக்டோபர் 14-இல் ஜெர்மன் நீர்மூழ்கி ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. அதற்கப்புறம் கிழக்குப் பக்க நீர்வழிகளைப் பாறையும் கான்கிரீட் கட்டிகளும் போட்டு அடைத்தார்கள், சர்ச்சில் தடுப்புகள் என்று பெயர். இத்தாலியப் போர்க்கைதிகளின் உழைப்பு அதில் நிறைய உண்டு. 1945 மே மாதம் திறந்தார்கள். போருக்காகக் கட்டியது, இன்றைக்கு நாலு தீவுகளைப் பெரிய தீவோடு இணைக்கும் சாலை.

ஆனால் அதற்குப் போர் தேவைப்பட்டது. நூறு பேருக்காகக் கடலில் பாலம் போட எந்த அரசு பணம் கொடுக்கும்? அந்தப் பணத்தின் வட்டியில் விமானத்தை ஓட்டிவிடலாம். பக்கத்தில் ஃபேரோ தீவுகளில் கடலுக்கடியில் சுரங்கச்சாலை போட்டிருக்கிறார்கள், 2020-இல் திறந்தது 11 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் கடலுக்கடியிலேயே ரவுண்டானா வேறு. ஆனால் ஃபேரோவில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதோடு பாப்பா வெஸ்ட்ரேவுக்குப் பாலம் போட்டாலும் நீங்கள் போய்ச் சேர்வது வெஸ்ட்ரேவுக்குத்தான். கிர்க்வால் இன்னும் 44 கிலோமீட்டர் தள்ளியே இருக்கும்.

#12 ரன்வே09

மறுபடி நேரத்துக்கு வருவோம், எனக்கு அதில்தான் ருசி.

ஐலாண்டர் இந்தத் துண்டில் முழு வேகம் எடுப்பதில்லை, எடுக்க இடமும் இல்லை. சில நூறு அடி உயரம் போனதும் இறங்க ஆரம்பிக்க வேண்டியதுதான். சராசரியாக 100 நாட் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 185 கிலோமீட்டர். 2.7 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரைக் கடல்மைல். காற்றே இல்லாவிட்டால் 54 விநாடி. 53 விநாடிச் சாதனையோடு எவ்வளவு நெருக்கமாக வருகிறது பாருங்கள்!

இப்போது 25 நாட் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். அந்தப் பக்கத்தில் அது தென்றல் மாதிரி. பின்னாலிருந்து அடித்தால் 43 விநாடி, எதிரே அடித்தால் 72 விநாடி. ஆக, பின்காற்று இருந்தால் சாதனை உடையும் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

உடையாது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது, நீங்கள் வெஸ்ட்ரேவிலிருந்து கிழக்கே போக வேண்டும். மேற்கு நோக்கி ஏறி, அரைவட்டம் போட்டுத் திரும்பி, பாப்பா வெஸ்ட்ரேவைத் தாண்டிப் போய், இன்னொரு அரைவட்டம் போட்டு மேற்கு நோக்கி இறங்க வேண்டும். பின்காற்றில் மிச்சமான 11 விநாடி அந்த இரண்டு வளைவில் பல மடங்காகப் போய்விடும். திரும்பி வரும்போது எதிர்காற்று: நேராக ஏறலாம், நேராக இறங்கலாம், 72 விநாடி என்றாலும் மொத்தத்தில் அதுதான் சீக்கிரம்.

நீண்ட பயணங்களில் பின்காற்று நண்பன். நியூயார்க்கிலிருந்து லண்டன் வரும் விமானம் அதில்தான் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கிறது. இந்தத் தடத்தில் கணக்கு தலைகீழ். சாதனைக்கு வேண்டியது அசையாத காற்று.

#13 வகுப்பறை_வசந்தா

ரன்வே09, இது அருமை! இந்தக் காற்றுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். ஓடுபாதை வேறு திசையில் இருந்தால்? காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதே ஓடுபாதையில்தானே இறங்கியாக வேண்டும்?

#14 ரன்வே09

சரியான கேள்வி டீச்சர். பெரிய விமான நிலையங்களில் அப்படித்தான், பக்கக்காற்றைச் சமாளிக்க வேண்டும். இந்தச் சின்னத் தளங்களில் நீளமான ஓடுபாதையே அரை கிலோமீட்டர் அளவுதான், ஆனால் வெவ்வேறு திசையில் ஒன்றுக்கு மேற்பட்டவை வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எந்தப் பக்கம் காற்றோ அதற்குத் தோதானதை பைலட் எடுத்துக்கொள்வார். ஐலாண்டருக்கு நீளம் பெரிதாகத் தேவைப்படாது.

#15 கிரானைட்_நகரம்

அந்தத் தளத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். ஒரு சின்னக் கட்டடம், ஒரு தீயணைப்பு வண்டி, சுற்றிலும் மேய்ச்சல் நிலம். விமானம் வரும் நேரத்துக்குத் தீவுக்காரர்களே தீயணைப்பு உடை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். விமானம் போனதும் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். விமானி எடையைப் பார்த்து யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வார். கொஞ்சம் கனமானவன் என்பதால் என்னை எங்கே உட்கார வைத்தார் என்று சொல்ல மாட்டேன். எட்டுப் பயணிகள்தான். நடைபாதையும் கிடையாது, விமானி அறைக்குக் கதவும் கிடையாது. அதிர்ஷ்டம் இருந்தால் விமானிக்குப் பக்கத்து இருக்கையே கிடைக்கும்.

போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா நடையிலும் இந்தத் துண்டு இருக்காது. சில நடைகளில் வடக்கு ரொனால்ட்சே தீவோடு சேர்த்து ஓட்டுவார்கள், வரிசையும் மாறும். கால அட்டவணையில் இந்தத் துண்டு இருக்கிறதா, எந்தத் திசையில் என்று பார்த்து முன்பதிவு செய்யுங்கள். கடல் மூடுபனி இறங்கினால் எல்லாம் ரத்து. எங்கள் கிழக்குக் கரையில் அதை ஹார் என்பார்கள், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து மூடும். டிசம்பரில் பகல் வெளிச்சமே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அதனால் அடுத்த விமானத்துக்கு நெருக்கமாக இணைப்பு வைக்காதீர்கள். இரண்டு நிமிடப் பயணத்துக்கு ஒரு நாள் இழுத்துவிடும்.

பாப்பா வெஸ்ட்ரேவில் இறங்கினால் ஹோவார் குன்று கல்வீட்டைப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முன் 3700 வாக்கில் கட்டியது, எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தியது. சுவரும் வாசலும் இன்னும் நிற்கின்றன. குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.

#16 கணக்குப்பிள்ளை

மாட்டைப் பார்க்கிறவரே தீயணைப்பு வீரர் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பளம் மிச்சம்.

சரி, முக்கோணக் கணக்கு நியாயமானதுதான். மானியம் கூடாது என்று சொல்லவில்லை, எதற்கு மானியம் என்று தலைப்பில் தெளிவாக இல்லை என்றுதான் சொல்கிறேன்.

#17 கப்பல்காரன்

தீவு விமானம் என்றதும் சபா ஞாபகம் வருகிறது. கரீபியனில் நெதர்லாந்துக்குச் சொந்தமான தீவு, 13 சதுர கிலோமீட்டர், கடலிலிருந்து நேராக எழும்பிய எரிமலை. ஓடுபாதை 400 மீட்டர், இரண்டு முனையிலும் பாறையும் கடலும். பயணிகள் விமானம் வந்து போகிற ஓடுபாதைகளில் உலகத்திலேயே குட்டையானது என்பார்கள். கப்பலிலிருந்து பார்த்தால் மேசை விளிம்பில் வைத்த ஸ்கேல் போல இருக்கும்.

தட்டையான இடமே இல்லாத தீவு. விமானம் வர முடியாது என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், பக்கத்துத் தீவைச் சேர்ந்த ரெமி டி ஹானன் என்ற விமானி ஒரே ஒரு மூலையைக் காட்டினார். ஊர் ஜனங்கள் கல்லைப் பொறுக்கிச் சமப்படுத்திக் கொடுத்தார்கள். 1959 பிப்ரவரியில் அவர் அதில் இறக்கிக் காட்டினார். முறையான விமான நிலையம் 1963-இல் வந்தது.

பக்கத்தில் உள்ள சின்ட் மார்டன் தீவிலிருந்து அங்கே ட்வின் ஓட்டர் விமானத்தில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வயிறு பத்திரம்.

#18 வரைபடப்பித்தன்

கப்பல்காரரே, தூரம் போட்டுப் பார்த்தேன். சின்ட் மார்டன்–சபா சுமார் 45 கிலோமீட்டர். கிர்க்வால்–பாப்பா வெஸ்ட்ரே 44. பயண நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று 17 பாகையில், மற்றது 59 பாகையில். டீச்சர், தீர்க்கரேகையின் நெருக்கத்தைக் காட்ட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது: சபாவில் ஒரு பாகை 106 கிலோமீட்டர், ஓர்க்னியில் 57.

#19 புது_உறுப்பினர்_செல்வா

இதேபோல வேறு இருக்கிறதா? ஜப்பானில் ஏதோ உண்டு என்று கேள்விப்பட்டேன்.

#20 ரன்வே09

ஒகினாவாவுக்குக் கிழக்கே மினாமி டைட்டோ, கிட்டா டைட்டோ என்று இரண்டு தீவுகள். நடுவில் சுமார் 13 கிலோமீட்டர். ஜப்பானின் மிகக் குறுகிய தடம் என்று பல ஆண்டுகள் பேர் வாங்கியது. அதுவும் நம் முக்கோணக் கதைதான்: ஒகினாவாவின் நாஹா நகரத்திலிருந்து வந்த விமானம் இரண்டு தீவையும் தொட்டுவிட்டுத் திரும்பியது. ஆனால் அங்கே ஓடியது டேஷ் 8, ஐம்பது பேர் உட்காரும் விமானம். பறப்பது சில நிமிடம், இன்ஜின் போட்டு நகர்ந்து, நின்று, கதவு திறக்கும்வரை அதைப்போல் சில மடங்கு.

இதுதான் டீச்சர் கவனிக்க வேண்டிய இடம். விமானக் கம்பெனிகள் அட்டவணையில் போடுவது பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்குக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை போடும் வரையிலான நேரம், பிளாக் டைம் என்பார்கள். பெரிய நிலையத்தில் ஓடுபாதைக்குப் போய்ச் சேரவே இருபது நிமிடம் ஊர்ந்துகொண்டிருப்போம். வெஸ்ட்ரேவில் கட்டடத்திலிருந்து ஓடுபாதை நாலு எட்டு. அதனால்தான் அட்டவணையிலேயே 2 நிமிடம் என்று துணிந்து போட முடிகிறது.

#21 கிரானைட்_நகரம்

நேரத்தைப் பற்றிப் பேசும்போது பார்ராவை விடக்கூடாது. ஸ்காட்லாந்தின் மேற்கே, ஹெப்ரிடீஸ் தீவு. அங்கே விமானம் கடற்கரை மணலில் இறங்குகிறது. மூன்று ஓடுபாதைகள், முனையில் மரக்கம்பம் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். கடல் ஏறினால் மூன்றும் தண்ணீருக்குள். உலகத்திலேயே அட்டவணைப்படி கடற்கரையில் இறங்கும் பயணிகள் விமானம் அது ஒன்றுதான் என்பார்கள். கிளாஸ்கோவிலிருந்து ட்வின் ஓட்டர் வரும். ஓதம் நாளுக்கு ஐம்பது நிமிடம் அளவில் தள்ளிப்போவதால் விமான நேரமும் அதோடு நகரும். அட்டவணையை நிலா எழுதுகிறது!

#22 கப்பல்காரன்

எங்கள் கப்பலுக்கும் அப்படித்தான். விமானக்காரர்களும் ஓதப் பட்டியல் பார்க்கிறார்கள் என்றால் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

#23 கணக்குப்பிள்ளை

இதை எல்லாம் யார் ஆரம்பித்தது? வெஸ்ட்ரே போன்ற ஊருக்கு விமானம் விடலாம் என்று எந்த முதலாளிக்குத் தோன்றியது?

#24 ரன்வே09

விமானத்துக்கு ஆசைப்பட்ட முதலாளி இல்லை அண்ணே, கட்டடக் கான்ட்ராக்டர். லோகன் என்ற கட்டுமானக் கம்பெனி, பின்னாளில் டே ஆற்றுப் பாலம் கட்டியது. ஆட்கள் போய்வர 1962-இல் வாடகை விமானம் வைத்துக்கொண்டார்கள். அதுதான் லோகன்ஏர். 1967-இல் ஓர்க்னித் தீவுகளுக்கு நடுவே சேவை தொடங்கியது. ஐலாண்டரை வாங்கிய முதல் சில கம்பெனிகளில் அதுவும் ஒன்று. பல்லாண்டுகள் ஸ்காட்லாந்தில் ஏர் ஆம்புலன்ஸும் அவர்கள்தான் ஓட்டினார்கள்.

அதற்கும் முன்னால் டெட் ஃப்ரெஸன் என்ற விமானி 1930-களிலேயே இந்தத் தீவுகளுக்கு விமானம் விட்டிருக்கிறார். பிரிட்டனின் முதல் முறையான உள்நாட்டு விமான அஞ்சல் 1934 மே மாதம் இன்வெர்னஸிலிருந்து கிர்க்வாலுக்குப் போனது, அவருடைய கம்பெனி கொண்டுபோனதுதான். லண்டன்–மான்செஸ்டர் அல்ல, கவனியுங்கள். ரயில் போகாத இடத்தில்தான் விமானத்துக்கு மரியாதை.

ஐலாண்டரை மின்சாரத்திலோ ஹைட்ரஜனிலோ ஓட்டப் பார்க்கும் திட்டம் ஒன்றுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பேட்டரி விமானத்தின் பெரிய குறை தூரம் போகாதது. 2.7 கிலோமீட்டரில் அந்தக் குறை யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கிர்க்வாலிலிருந்து வந்து போகிற 91 கிலோமீட்டரும், பனி வந்தால் வேறு தளத்துக்குப் போக மிச்ச சக்தியும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவ்வளவு லேசாக இல்லை.

#25 நெறியாளர்

சுவாரசியமான இழை. மின்சார விமானம் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள், இங்கே டீச்சரின் கேள்வியை முடிப்போம்.

#26 வகுப்பறை_வசந்தா

எல்லோருக்கும் நன்றி. பயிற்சித்தாளில் ஒரே விடை கேட்கப்போவதில்லை. இப்படிக் கேள்விகள் வைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, கொடுத்த ஆயத்தொலைவுகளை வைத்து வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே தூரம் காண்க. இரண்டு, விமானத்தின் சராசரி வேகம் 100 நாட் எனில் பறக்கும் நேரம் என்ன? மூன்று, 25 நாட் மேற்குக் காற்று அடிக்கும்போது எந்தத் திசைப் பயணம் சீக்கிரம் முடியும், ஏன்? நான்கு, ஒரு இணையக் கருவி இதே பயணத்துக்கு 30 நிமிடம் 12 விநாடி என்கிறது; அது எப்படிக் கணக்கிட்டிருக்கும் என்று ஊகிக்க. ஐந்து, பாப்பா வெஸ்ட்ரேவில் வசிக்கும் ஒருவருக்குக் கிர்க்வாலில் காலை பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் எந்த வழியில் போவார், எப்போது கிளம்புவார், காரணத்துடன் எழுதுக.

ஐந்தாவதற்கு விமான, படகு அட்டவணைகளை நானே மாதிரியாகத் தயாரித்துக் கொடுத்துவிடுவேன்.

#27 ரன்வே09

மூன்றாவதில் ஓடுபாதை கிழக்கு–மேற்காக இருக்கிறது என்றும், காற்றை எதிர்த்துத்தான் ஏறி இறங்க வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள் டீச்சர். இல்லாவிட்டால் 43 விநாடி என்று எழுதுகிறவனுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டி வரும்.

#28 கணக்குப்பிள்ளை

ஐந்தாவதில் டிக்கெட் விலையும் போடுங்கள். நேரம் மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர் யார்?

#29 கிரானைட்_நகரம்

மருத்துவரை வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள் டீச்சர். அன்றைக்குப் பனி இறங்கினால் மனிதர் வார இறுதி முழுக்கக் கிர்க்வாலில் மாட்டிக்கொள்வார்.